24 வருஷம் ஆடின அதே டீமுக்கு கோச்சா 3 கப்: ஜான் டவாரெஸ் கேரியரை எப்படி புரிஞ்சுக்கறது

"ஜான் டவாரெஸ் மூணு வருஷம் தொடர்ந்து கப் ஜெயிச்சார்"னு ஒரு செய்தி கண்ணுல பட்டா, டொரோன்டோ பக்கம் இருக்கற நம்மாளுங்க முதல்ல நம்பவே மாட்டாங்க. ஏன்னா அவங்களுக்கு தெரிஞ்ச ஜான் டவாரெஸ் மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி டீம்ல ஆடறவர், அந்த டீம் கடைசியா ஸ்டான்லி கப் ஜெயிச்சது 1967ல.

செய்தில வர்றது வேற ஆள். அவரோட சித்தப்பா. பேரும் அதேதான், ஸ்பெல்லிங்கும் அதேதான். அவர் ஆடினது பாக்ஸ் லக்ராஸ், அதாவது இன்டோர் லக்ராஸ். இப்ப பஃபலோ பேண்டிட்ஸ் டீமோட ஹெட் கோச். ஹாக்கி டவாரெஸ் சின்னப் பையனா இருந்தப்போ சித்தப்பா ஆடற கேம்ல பால் பாயா ஓடிட்டு இருந்தவர், ஜூனியர் லெவல்ல அவரே லக்ராஸ் ஆடியிருக்கார், அப்புறம் 2009ல என்எச்எல்ங்கற பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கோட டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புது ஆட்களை வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, முதல் ஆளா எடுத்தாங்க. உலகத்துக்கு மருமகன்... இல்ல, அண்ணன் மகன்தான் பெரிய பேரு, ஆனா அவரவர் ஆட்டத்தோட ரெக்கார்டை எடுத்து பக்கத்துல வச்சா சித்தப்பா எங்கயோ மேல இருக்கார்.

இந்த ஆட்டத்தைப் பத்தி இப்ப தெரிஞ்சுக்க இன்னொரு காரணமும் இருக்கு. 2023 அக்டோபர்ல மும்பையில நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்துலதான் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸுக்கு கிரிக்கெட்டை சேத்தாங்க, அதே லிஸ்ட்ல லக்ராஸும் இருந்துச்சு. நம்ம ஊர்ல கிரிக்கெட் செய்தியோட சத்தத்துல லக்ராஸை யாரும் கவனிக்கல.

## முதல்ல ஆட்டம் என்னன்னு பாத்துடலாம்

லக்ராஸ் வட அமெரிக்க பழங்குடி மக்களோட ஆட்டம். முக்கியமா ஹோடெனோஷோனி மக்கள், அதாவது மோஹாக், செனெகா, ஒனொன்டாகா, டஸ்கரோரா மாதிரி ஆறு நேஷன் சேந்த கூட்டமைப்பு, அவங்களுக்கு இது படைச்சவனுக்காக ஆடற ஆட்டம், நோயாளி குணமாகணும்னும் ஆடுவாங்க. நுனியில வலை கட்டின குச்சியால ரப்பர் பந்தை பிடிச்சு, சுமந்து ஓடி, பாஸ் பண்ணி, கோலுக்குள்ள எறியணும், அவ்ளோதான் அடிப்படை. கனடாவுல 1994ல சட்டம் போட்டு குளிர்காலத்துக்கு ஹாக்கி, கோடைக்கு லக்ராஸ்னு ரெண்டையும் தேசிய விளையாட்டா அறிவிச்சாங்க.

இதுல மூணு வடிவம் இருக்கு, குழப்பம் வர்றதே இங்கதான்:

1. ஃபீல்ட் லக்ராஸ். பெரிய புல் மைதானம், ஆண்கள் ஆட்டத்துல பக்கத்துக்கு 10 பேர், 6 அடிக்கு 6 அடி கோல். அமெரிக்க காலேஜ்கள்ல ஆடறது இது.

2. பாக்ஸ் லக்ராஸ். 1931 வாக்குல கனடாவுல ஆரம்பிச்சது. கோடைகாலத்துல ஹாக்கி அரங்கங்கள் சும்மா பூட்டிக் கிடந்துச்சு, அதை நிரப்பி காசு பாக்க மான்ட்ரியல் கனடியன்ஸ் ஹாக்கி டீம் ஓனருங்க கண்டுபிடிச்ச வழி. அஞ்சு பேர் பிளஸ் ஒரு கோலி. நாலு பக்கமும் சுவர், அதனால பந்து வெளிய போறதே அபூர்வம். கோல் ரொம்ப சின்னது, 4 அடி உயரம், அகலம் 4 அடி 9 அங்குலம். அந்த சின்ன கோலுக்கு முன்னாடி கோலி பெரிய பெரிய பேடு கட்டிக்கிட்டு நிப்பார், பாத்தா உள்ள இடமே தெரியாது.

3. சிக்ஸஸ். ஒலிம்பிக்ஸுக்காகவே உருவாக்கின சின்ன வடிவம், வெளி மைதானத்துல கோலியோட சேத்து ஆறு பேர்.

டவாரெஸோட உலகம் ரெண்டாவது. அதுல கோச்சிங்கை புரிஞ்சுக்க முக்கியமான ரூல் ஒண்ணு இருக்கு. பந்து கைக்கு வந்ததுலேந்து 30 செகண்டுக்குள்ள கோலை நோக்கி ஷாட் அடிக்கணும். கபடியில ரெய்டுக்கு 30 செகண்டு குடுக்கற மாதிரி, எதுவும் பண்ணாம நேரத்தைக் கடத்த முடியாது. அதுல முதல் 8 செகண்டுக்குள்ள நடுக்கோட்டைத் தாண்டணும். அதுக்குள்ளேயே ஆட்களையும் மாத்தணும், ஏன்னா அட்டாக் ஆடறவங்க வேற, டிஃபென்ஸ் ஆடறவங்க வேற. பந்து கை மாறினதும் ஒரு கூட்டம் பெஞ்சுக்கு ஓடும், இன்னொரு கூட்டம் கதவைத் திறந்துட்டு உள்ள ஓடும், ஆட்டம் நிக்காது, விசில் இல்ல. பந்தை இழந்ததும் ஒரு அட்டாக்காரர் மூணு செகண்டு லேட்டா பெஞ்சுக்கு வந்தா எதிர் டீமுக்கு ஆள் ஃப்ரீ ஆகி கோல் போயிடும். பெஞ்சுல அந்தக் கதவுகளைப் பாத்துக்கறதுதான் கோச்சிங் ஸ்டாஃபோட முக்கிய வேலைன்னே சொல்லலாம்.

## லீக், சம்பளம், பகல் வேலை

இந்த ஆட்டத்தோட பெரிய புரொஃபஷனல் லீக் நேஷனல் லக்ராஸ் லீக், சுருக்கமா என்எல்எல். 1987ல நாலு டீமோட ஈகிள் புரோ பாக்ஸ் லக்ராஸ் லீக்னு ஆரம்பிச்சு, அப்புறம் மேஜர் இன்டோர் லக்ராஸ் லீக் ஆகி, 90கள் கடைசியில இப்ப இருக்கற பேருக்கு வந்துச்சு. இப்ப நவம்பர் கடைசி, டிசம்பர் ஆரம்பம் வாக்குல தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ரெகுலர் சீசன், டீமுக்கு 18 கேம், பெரும்பாலும் வார இறுதியில.

"புரொஃபஷனல்"னு சொன்னதும் ஐபிஎல், என்பிஏ மாதிரி நினைக்க வேண்டாம். 90கள்ல ஒரு கேமுக்கு சில நூறு டாலர்தான் கிடைக்கும். இப்பவும் இந்த லீக் சம்பளத்தை மட்டும் வச்சு குடும்பம் நடத்தறது பெரும்பாலான ஆட்டக்காரங்களுக்கு முடியாத காரியம். டீச்சர், தீயணைப்பு வீரர், போலீஸ், கட்டட வேலைன்னு எல்லாருக்கும் வாரநாள்ல ஒரு வேலை இருக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிச்சு பிளைட் ஏறுவாங்க, சனிக்கிழமை ஆட்டம், ஞாயித்துக்கிழமை வீடு. டவாரெஸும் அப்படித்தான், மிஸ்ஸிசாகாவுல ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார். வீடு கனடாவுல, டீம் அமெரிக்காவுல. பார்டர் தாண்டி சுமார் ஒன்றரை, ரெண்டு மணி நேர டிரைவ்.

இதோட விளைவு என்னன்னா, பிராக்டிஸ் நேரம் ரொம்பவே கம்மி. ஃபுட்பால் கிளப்ல கோச்சுக்கு வாரத்துல அஞ்சு நாள் ஆட்கள் கையில இருப்பாங்க, இங்க வார இறுதியில கிடைக்கற சில மணி நேரம்தான். புதுசா எதையும் சொல்லிக் குடுத்து மெருகேத்தற வசதி கிடையாது, ஏற்கனவே ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்ட ஆட்கள் இருந்தாத்தான் டீம் ஓடும். நம்பர் கணக்கை விட இதைத்தான் மனசுல வச்சுக்கணும்னு நினைக்கறேன், கீழ வர்றது எல்லாம் இதுலேந்துதான் வருது.

## ஆட்டக்காரர் டவாரெஸ்

1968ல பிறந்தவர், போர்ச்சுகீசிய குடும்பம். பேண்டிட்ஸ் டீம் முதல்முதலா களம் இறங்கின 1992 சீசன்லயே இவரும் இருக்கார். முதல் வருஷமே கப். 1993ல ஒரு கேம் கூட தோக்காம மறுபடியும் கப், ரெகுலர் சீசன் 8 கேமும் ஜெயிச்சு பிளேஆஃப்ஸும் ஜெயிச்சாங்க. 1996ல மூணாவது. இந்த மூணுக்கும் கோச் லெஸ் பார்ட்லி, அவர் அப்புறம் டொரோன்டோ ராக் டீமுக்கு போய் அங்க 1999, 2000, 2002, 2003ன்னு நாலு ஜெயிச்சவர், 2005ல கேன்சர்ல இறந்துட்டார், இன்னைக்கு லீக்ல வருஷத்தோட சிறந்த கோச்சுக்கு குடுக்கற விருது இவர் பேர்லதான் இருக்கு.

1996க்கு அப்புறம் பேண்டிட்ஸுக்கு கப் வர 12 வருஷம் ஆச்சு. நடுவுல 1997, 2004, 2006 ஃபைனல்கள்ல தோல்வி, 1994லயும் ஒண்ணு தோத்திருந்தாங்க. 2008ல போர்ட்லாண்டை ஜெயிச்சப்போ டவாரெஸுக்கு 39 வயசு, அதோட நிறுத்திடுவார்னு பாத்தா இன்னும் ஏழு சீசன் ஆடினார். 2015ல ரிடயர் ஆகும்போது கணக்கு இது: 24 சீசன், எல்லாமே ஒரே டீம், 815 கோல், 934 அசிஸ்ட், மொத்தம் 1,749 பாயின்ட். அன்னைக்கு லீக் வரலாற்றுலயே அதிகபட்சம். எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது மூணு தடவை, 1994, 2000, 2001.

இந்த கணக்குல என்னை அதிகமா யோசிக்க வைக்கறது கோல் எண்ணிக்கை இல்ல, அசிஸ்ட். 815 கோல் அடிச்ச ஒருத்தர் அதை விட 119 தடவை அதிகமா மத்தவங்களுக்கு கோல் போட வழி பண்ணி குடுத்திருக்கார். பாக்ஸ் லக்ராஸ்ல அட்டாக் பெரும்பாலும் பாஸ்கெட்பால் பாணியில ரெண்டு பேர் ஜோடியா ஆடறது, ஒருத்தர் டிஃபென்ஸ்காரரை உடம்பால மறிப்பார், மத்தவர் அந்த இடைவெளியில உள்ள போவார். அதுல எந்த இடைவெளி அடுத்த நொடி திறக்கும்னு முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குத்தான் இவ்ளோ அசிஸ்ட் வரும்.

## அட்டாக் ஆடறவர் எப்படி கோச் ஆனார்

பெரிய ஸ்டார் நல்ல கோச் ஆக மாட்டார்னு விளையாட்டு உலகத்துல பொதுவா ஒரு பேச்சு உண்டு, தனக்கு சுலபமா வந்தது மத்தவனுக்கு ஏன் வரலன்னு அவருக்கு புரியாதுன்னு சொல்லுவாங்க. பாக்ஸ் லக்ராஸ்ல இது அவ்ளோ பொருந்தாதுன்னு நான் நினைக்கறதுக்கு காரணம் இருக்கு.

1. மேல சொன்ன மாதிரி அட்டாக், டிஃபென்ஸ் ரெண்டும் தனித்தனி ஆட்கள். அப்ப ஒரு அட்டாக்காரர் கிட்டத்தட்ட பாதி கேமை பெஞ்சுல உக்காந்துதான் பாக்கறார், கோச்சுக்கு ரெண்டடி தள்ளி. அவரோட டீம் டிஃபென்ஸ் எங்க உடையுது, எதிர் டீம் எந்த ஜோடியை வச்சு அடிக்குது, எல்லாத்தையும் கோச் பாக்கற அதே கோணத்துலேந்து பாக்கறார். 24 சீசன் அப்படி.

2. 90கள்ல ஆட்கள் ரெண்டு பக்கமும் ஆடறது இன்னும் சகஜம், பிரிச்சு ஆடறது பிற்பாடு இறுகினது. ரெண்டு காலத்தையும் உள்ள இருந்து பாத்தவர்.

3. நாப்பத்தாறு வயசு வரைக்கும் ஆடணும்னா கால் வேகத்தை நம்ப முடியாது. கடைசி வருஷங்கள்ல அவர் ஆட்டம் முழுக்க எங்க நிக்கணும், எப்ப விடணும்ங்கற முடிவுகள்லதான் ஓடிச்சு. முடிவு எடுக்கறதை இன்னொருத்தருக்கு சொல்லிக் குடுக்க முடியும், வேகத்தை முடியாது.

4. பகல்ல வாத்தியார். பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு கணக்கு புரிய வைக்கறவருக்கு, ஒரே விஷயத்தை மூணு விதமா சொல்ற பழக்கம் ஏற்கனவே இருக்கும். இதை சும்மா அலங்காரத்துக்கு சொல்லல, பிராக்டிஸே இல்லாத லீக்ல சுருக்கமா விளக்கறதுதான் கோச்சோட பெரிய சொத்து.

இவர் மட்டும் இல்ல, லீக்கே இப்படித்தான். 2003லேந்து பத்து வருஷம் பேண்டிட்ஸை நடத்தின டேரிஸ் கில்கோர், டஸ்கரோரா நேஷனைச் சேந்தவர், 1992 டீம்ல டவாரெஸோட சேந்து ஆடினவர். அவருக்கு அப்புறம் வந்த டிராய் கார்டிங்லியும் பழைய பேண்டிட்ஸ் ஆட்டக்காரர்தான், அதுக்கு முன்னாடியே கால்கரிக்கு 2009லயும் டொரோன்டோவுக்கு 2011லயும் கப் வாங்கிக் குடுத்தவர். டவாரெஸ் ஃபைனல்ல சந்திச்ச கோச்சுங்க, கால்கரியோட கர்ட் மலாவ்ஸ்கி, கொலராடோவோட பாட் காயில், ஆல்பனியோட க்ளென் கிளார்க், சஸ்காச்சவனோட ஜிம்மி குயின்லன், எல்லாருமே லீக்ல ஆடி முடிச்சவங்க. முழுநேர கோச்சிங்கை வெளியிலேந்து படிச்சுட்டு வந்து செட்டில் ஆகற அளவுக்கு இதுல பணம் கிடையாது, அதனால ஆட்டத்தை விட முடியாதவங்கதான் கோச்சா தங்கறாங்க.

## ரெண்டு தோல்வி, அப்புறம் மூணு கப்

ரிடயர் ஆனதும் அதே டீமோட கோச்சிங் ஸ்டாஃப்ல சேந்தார். 2018-19 சீசனுக்கு பழைய கேப்டன் ரிச் கில்கோர் கூட சேந்து ஹெட் கோச் பொறுப்பு, அப்புறம் தனியா. இங்க ஒரு சங்கடமான விஷயம் இருக்கு, ஸ்டீவ் பிரியோலோ, டேன் ஸ்மித் மாதிரி ஆட்கள் இவரோட கூட ஆடினவங்க. அதுலயும் டேன் ஸ்மித் 2016ல ஒரே சீசன்ல 137 பாயின்ட் எடுத்து எம்விபி ஆனவர். டிரெஸ்ஸிங் ரூம்ல பக்கத்து சீட்ல இருந்தவரை "நீ இந்த ஷிஃப்ட் உக்காரு"ன்னு சொல்றது லேசு கிடையாது.

முதல் சீசன்லயே ரெகுலர் சீசன் 14-4, அதாவது 14 வெற்றி, 4 தோல்வி, அப்புறம் ஃபைனல், அதுல கால்கரி கிட்ட தோல்வி. 2020 மார்ச்ல கொரோனாவால சீசன் பாதியில நின்னுச்சு, அடுத்த சீசன் நடக்கவே இல்ல. 2021 டிசம்பர்ல லீக் திரும்ப வந்து, 2022ல மறுபடியும் 14-4, மறுபடியும் ஃபைனல், மூணு கேம் சீரிஸ்ல கடைசி கேமை சொந்த ஊர் ரசிகர்கள் முன்னாடியே கொலராடோ கிட்ட விட்டாங்க.

இந்த இடம்தான் எனக்கு முழுக் கதையிலயும் முக்கியமா படுது. ரெண்டு தடவை நல்ல ரெகுலர் சீசன், ரெண்டு தடவை ஃபைனல் தோல்வின்னா நிறைய கிளப்ல கோச்சை மாத்திடுவாங்க, "நல்ல ஆட்டக்காரர்தான், ஆனா பெரிய கேம்ல கோச் பண்ணத் தெரியல"ன்னு ஒரு முத்திரை விழும். பஃபலோ மாத்தல. ஜெனரல் மேனேஜர் ஸ்டீவ் டீட்ரிக், அவரும் பழைய பேண்டிட்ஸ் கோலி, 2006ல எம்விபி, லீக்ல எம்விபி ஆன முதல் கோலி. ஆட்டக்காரர் டவாரெஸ் நாலு ஃபைனல் தோத்த டீம்ல இருந்துட்டு மறுபடி வந்தவர்ங்கறது அந்த ஊருக்கு நல்லாவே தெரியும். ஆட்களையும் பெருசா கலைக்கல, வார இறுதியில மட்டும் சந்திக்கற ஒரு டீமுக்கு அது எவ்ளோ பெரிய முடிவுன்னு மேல சொன்ன பிராக்டிஸ் விஷயத்தை வச்சு பாத்தா புரியும்.

2023ல அதே கொலராடோ, அதே மூணாவது கேம், அதே அரங்கம், இந்தத் தடவை 13-4ன்னு ஜெயிச்சாங்க. இந்த ஆட்டத்துல ஒரு டீம் சாதாரணமா பத்து கோல் பக்கம் அடிக்கும், ஃபைனல்ல எதிராளியை நாலுல நிறுத்தறது டிஃபென்ஸும் கோலியும் பண்ற வேலை. வாழ்நாள் முழுக்க அட்டாக் ஆடின கோச்சோட டீம் அப்படி ஜெயிச்சதை கவனிங்க.

2024ல கதை வேற. ரெகுலர் சீசன் 11-7, சுமார்தான். டொரோன்டோ ராக்தான் முதலிடம், அவங்களை செமிஃபைனல்ல ரெண்டு கேம்லயும் ஜெயிச்சு, ஃபைனல்ல ஆல்பனியையும் 2-0ன்னு முடிச்சாங்க. 2025ல சஸ்காச்சவன் ரஷ்ஷை மூணு கேம் சீரிஸ்ல ஜெயிச்சு மூணாவது தொடர் கப். லீக்ல இதுக்கு முன்னாடி தொடர்ந்து மூணு ஜெயிச்சது ராச்செஸ்டர் நைட்ஹாக்ஸ், 2012லேந்து 2014 வரைக்கும்.

அந்த ராச்செஸ்டர் டீமோட கோலி யாரு தெரியுமா, மாட் விங்க். அதே மாட் விங்க்தான் 2018ல பஃபலோவுக்கு வந்து இந்த மூணு கப்லயும் கோலியா நின்னவர், முதல் கப் வரும்போதே நாப்பது வயசு, அவரும் வாரநாள்ல வாத்தியார். 2017 டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்த ஜாஷ் பைர்ன் 2024ல எம்விபி. இவங்க இல்லாம கோச் மட்டும் எதையும் ஜெயிச்சிருக்க முடியாது, அதையும் நேர்மையா சொல்லணும்.

2025 வரைக்கும் பேண்டிட்ஸ் ஜெயிச்சது மொத்தம் ஏழு கப்: 1992, 1993, 1996, 2008, 2023, 2024, 2025. முதல் நாலுல டவாரெஸ் ஆட்டக்காரர், கடைசி மூணுல ஹெட் கோச். அவர் இல்லாம அந்த டீம் ஒரு கப் கூட ஜெயிச்சதில்ல. சுமார் 19,000 பேர் உக்கார்ற அரங்கத்தை ஒரு பகுதிநேர லீக் டீம் ஃபைனல்ல நிரப்புதுன்னா அதுக்கு பின்னாடி இந்தத் தொடர்ச்சி இருக்கு.

## இனிமே எதைப் பாக்கணும்

ஒண்ணு, வயசு. விங்க் எப்ப நிறுத்தினாலும் அந்த இடத்தை நிரப்பறது சுலபமில்ல, பாக்ஸ் லக்ராஸ்ல கோலி மாறினா டிஃபென்ஸ் நிக்கற இடமே மாறும், எந்தக் கோணத்துல ஷாட்டை விட்டுக் குடுக்கலாம்ங்கறது கோலியைப் பொறுத்த விஷயம். பழைய கூட்டாளிகளை வச்சு ஜெயிச்ச கோச், தன்னோட ஆடாத தலைமுறையை வச்சும் ஜெயிக்கறாரான்னு அப்பதான் தெரியும்.

ரெண்டாவது, ஒலிம்பிக்ஸ். சிக்ஸஸ் வெளி மைதானத்துல ஆடறதா இருந்தாலும் 30 செகண்டு கடிகாரம், சின்ன டீம், வேகமா பக்கம் மாறறது எல்லாம் பாக்ஸ் ஆடறவங்களுக்கு பழக்கமானது. அதனால கனடா மாதிரி பாக்ஸ்ல வளந்த நாடுகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்குன்னு நினைக்கறேன். ஆனா இந்த ஆட்டத்தையே உலகத்துக்கு குடுத்த ஹோடெனோஷோனி மக்களுக்கு உலக லக்ராஸ் போட்டிகள்ல தனி டீம் இருந்தும், அவங்களுக்குன்னு அங்கீகரிச்ச ஒலிம்பிக் கமிட்டி இல்லாததால தங்கள் கொடியில ஆட விதி இடம் குடுக்கல. 2023 டிசம்பர்ல அப்ப அமெரிக்க அதிபரா இருந்த பைடனே அவங்களை ஆட விடணும்னு பகிரங்கமா சொன்னார். அவங்களை வெளிய நிறுத்திட்டு அந்த மெடலைக் குடுத்தா அது அநியாயம்.